தானாக நகர்ந்த முன்பிடி

கனெக்டிகட், நவம்பர் 1951

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். எங்கள் தொழிற்சாலையின் புதிய துப்பாக்கிக்கு நாடெங்கும் கிராக்கி. குழலுக்கு அடியிலுள்ள முன்பிடியை இழுத்துத் தள்ளினால் போதும், தோட்டா சிக்காமல் ஏறும், விலையும் குறைவு.

நேற்று ஒரு வேடிக்கை. சாப்பாட்டு வேளையில் இயந்திரங்கள் நின்றிருந்தன. சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கி ஒன்றின் முன்பிடி தானாகப் பின்னால் போய் முன்னால் வந்தது.

"யாருடா அது?" என்றார் மேஸ்திரி ஹார்லன். பக்கத்தில் யாருமில்லை. எடுத்துப் பார்த்தார், தோட்டாவும் இல்லை. "நல்லாத்தானே இருக்கு, பெட்டியில போடுங்கப்பா," என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பெட்டியை மூடி ஆணியடித்தவன் நான். உள்ளேயிருந்து மறுபடியும் அதே சத்தம். பெட்டியின் மேல் நம்மூர் டட்டில் துப்பாக்கிக் கடையின் விலாசம்.

தம்பி ஆரன் துப்பாக்கி வாங்கத் துடிக்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, நான் வரும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். கம்பளிக் காலுறை அனுப்புங்கள். நீளமாகக் கடிதம் எழுதுங்கள். சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் எல்வுட்