கழுவிய கூழாங்கற்கள்

நாள் 412, காலை 06:40
செவ்வாய் நிலையம், முதல் கூடம். எழுதுவது சொர்ணம், நீர்ப் பொறுப்பாளர். அம்மோனியா 0.2. ஜிலேபி மீன் அறுபது. அறுபதும் இரை எடுக்கின்றன. கீரைப் பாத்தியில் குறையில்லை. இங்கே எனக்கிருக்கும் ஒரே துணை மெக்கானிக் இசக்கிப்பாண்டி. இன்று ஆயுத பூஜையாம். விடிந்ததிலிருந்து எந்திரங்களைத் துடைத்துப் பொட்டு வைக்கிறான். அந்தச் சத்தம் தாங்காமல் தலைவலி மாத்திரை போட்டுப் படுக்கப் போகிறேன்.

நாள் 413, காலை 07:15
அம்மோனியா 1.9. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பாத்தியைக் கிளறினேன். கூழாங்கல் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் வாடை. அடப்பாவி! நன்றாக அலசியிருக்கிறான், அதனால்தான் மீன் உடனே சாகவில்லை.

படிப்பவருக்குச் சொல்கிறேன். கல்லில் இருந்த வழுவழுப்பு அழுக்கல்ல, பாக்டீரியா. மீன் கழிவில் இருக்கும் அம்மோனியாவை அதுதான் உரமாக்கும். உரத்தைக் கீரை உறிஞ்சிக்கொள்ளும், தண்ணீர் தெளிந்து திரும்பும். எங்கள் கழிவுநீரும் இந்தப் பாத்தி வழியாகத்தான் மறுபடி டம்ளருக்கு வருகிறது. பூமியிலிருந்து கொண்டுவந்த பாக்டீரியா அது. இந்த மண்ணில் கிடைக்காது.

"இதுதான் நம்ம பெரிய எந்திரம்" என்று அவனிடம் பீற்றிக்கொண்டது நான்தான். எந்திரம் என்றால் பூஜைக்குக் கழுவத்தானே செய்வான்?

காலை 11:30
வண்டியில் ஒரு பகல் தூரத்தில் இருக்கும் இரண்டாம் கூடத்தில் மாற்றுப் பாத்தி ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு வாளிக் கல் வந்தால் போதும், பிழைத்துக்கொள்வோம். அவனும் நேற்றே அங்கேதான் போயிருக்கிறான். புழுதிப் புயலில் ரேடியோ சரியாக எடுக்கவில்லை. நான் அனுப்பியது: "இசக்கி, அங்க பாத்தியத் தொடாத. கழுவாம ஒரு வாளிக் கல்லு அள்ளிட்டு வா." ஒன்பது முறை அனுப்பினேன். பதில் இல்லை.

நாள் 414, மாலை 16:20
செத்த மீன் முப்பத்தெட்டு. சேமிப்புத் தொட்டியில் இரண்டு பேருக்கு ஐம்பது நாள் தண்ணீர். கப்பல் வரத் தொண்ணூற்றாறு நாள்.

நாள் 415, காலை 10:05
புயல் ஓய்ந்தது. அவன் குரல்: "எக்கா, இங்கயும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சாச்சு. கல்லு என்னா பளபளப்புங்கிய! கெளம்பிட்டேன், சாயங்காலம் வந்துருவேன். சுண்டல் அவிச்சு வைங்க."

திட்டத்தான் வாயெடுத்தேன். "பாத்து வா" என்றுதான் வந்தது. பிறகு ஓவென்று அழுதேன்.

மாலை 17:30
ஒருவருக்கு மட்டும் என்றால் நூறு நாள் வரும். அப்படி நினைக்கவே கூடாது என்றுதான் இருந்தேன்.

மாலை 18:10
வண்டி வந்து நின்றது. "எக்கா, கதவு தொறக்க மாட்டேங்கு. உள்ளதான இருக்கீய? எனக்கு ஆக்சிஜன் நாப்பது நிமிசந்தான் கெடக்கு."

மாலை 18:32
"எக்கா?"

மாலை 18:35
கதவை உள்ளிருந்து பூட்டியது நான்தான். ரேடியோவை அணைத்துவிட்டேன். ஆனாலும் தட்டுவது கேட்கிறது.

மாலை 18:58
தட்டுவது நின்றுவிட்டது. அவன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. இதைப் படிப்பவர் அதை மட்டுமாவது நம்ப வேண்டும்.