பூரண சுகம் என்று நான் எழுதியது

மார்ச் 3, செவ்வாய்

உறுதியானது: மகள் சஞ்சீவனிக்கு ஓட்டிசம். வயது நான்கு வருடம் ஐந்து மாதம். ஆதாரம்: சிறுவர் மனநல டொக்டரின் கையெழுத்து, கிளினிக் கொப்பி, ஆறாம் பக்கம், இன்று காலை 10.40.

இருபத்தாறு வருடமாக நிருபர் வேலை. டொக்டரிடமும் அப்படித்தான் கேட்டேன், தகப்பனாகக் கேட்க வாய் வரவில்லை. அவர் பாதி சிங்களத்திலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னார். நான் மனைவி கலாவுக்குத் தமிழில் சொன்னேன். காரணம்? மூளை வளரும் விதமே வேறு, பரம்பரையின் பங்கு அதிகம். தடுப்பூசியா? இல்லை. போன் கொடுத்ததாலா என்று கலா கேட்கச் சொன்னாள். இல்லை. நாங்கள் வளர்த்த விதமா? இல்லவே இல்லை. மருந்து? தூக்கமின்மை, வலிப்பு போலக் கூட வருபவற்றுக்கு உண்டு. ஓட்டிசத்துக்கென்று இல்லை.

குணமாகுமா?

"இது காய்ச்சல் மாதிரி வந்து போவதல்ல. பயிற்சி உதவும். எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது."

ஏழு மாதம் காத்திருந்து பேச்சுப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய். தொடர்ந்து இரண்டு தடவை வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் சஞ்சி ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை வைத்து, அதன் அதிர்வோடு சேர்ந்து முனகிக்கொண்டே வந்தாள். சந்தோஷமாக இருந்தாள். அதையும் எழுதி வைக்க வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

கொழும்பிலிருந்து பத்திரிகை ஆசிரியர் ராஜலிங்கம் போன் எடுத்தார்.

"ஏப்ரல் ரெண்டு ஓட்டிச தினமாம், ஐசே. குணப்படுத்தலாமா எண்டு ஒரு அரைப்பக்கம் தாங்கோ. முந்தி கலகெதரையில ஒரு நல்ல விசயம் செய்தீங்களே, அது மாதிரி. வாசிக்கிற சனத்துக்கு மனசு ஆறோணும்."

சரி என்றேன். வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கலா தன் போனை என் முன்னால் வைத்தாள். கூட வேலை செய்பவள் அனுப்பிய படம். கலகெதரையில் ஒரு சிகிச்சை நிலையத்தின் சுவர். அதில் லமினேட் செய்து சட்டம் போட்ட ஒரு பத்திரிகைத் துண்டு. 2015 ஓகஸ்ட். 'ஓட்டிசம் நீங்கிப் பூரண சுகம்: ஆறு வயது ஆஸிகா சரளமாகப் பேசுகிறாள்.' கீழே, க. கஜேந்திரன், கண்டி நிருபர்.

"அவங்களோட பேசிட்டேன். எண்ணெய் வைத்தியமும் பத்தியமும், மூணு மாசம். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போறத நிப்பாட்டணுமாம்."

"வேணாம் கலா. அதுக்கு ஆதாரம் கெடையாது."

"ஆதாரமா? நீங்கதானே எழுதினீங்க."

மார்ச் 10, செவ்வாய்

முதல் வகுப்பு. நாற்பது நிமிடம் சஞ்சி யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் பயிற்சியாளரின் கையைப் பிடித்து, மூடியிருந்த பெட்டியின் பக்கம் தள்ளினாள். "இதுதான் கேட்பது. பேச்சு இங்கிருந்துதான் தொடங்கும்" என்றார் அவர்.

வெளியே வந்ததும் கலா, "ஏழு மாசம் காத்திருந்தது கையைப் புடிச்சுத் தள்றதுக்கா?"

மார்ச் 13, வெள்ளி

பழைய குறிப்புப் புத்தகங்களை வருட வாரியாக அலுமாரியில் வைத்திருக்கிறேன். இன்று 2015ஐ எடுத்தேன். என் கையெழுத்து:

'தாய் மஸீனா (தெல்தெனிய): முந்தியவிட கொஞ்சம் பரவால்ல, தண்ணி எண்டு ரெண்டு மூணு தரம் சொன்னா. நிலையத்தவர்: பூரண சுகம். பிள்ளை: ஜன்னலோரம், கடதாசி கிழிக்கிறது. நான் இருந்தவரை பேசவில்லை.'

பேசவில்லை என்று குறித்தவனும் நான்தான். சரளமாகப் பேசுகிறாள் என்று அனுப்பியவனும் நான்தான். யாரும் என்னை நெருக்கவில்லை. நல்ல செய்தியாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு தடவையாவது போய்ப் பார்த்தேனா? இல்லை.

மார்ச் 14, சனி

தெல்தெனிய. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். மஸீனா உடனே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே ஆஸிகா கதிரையில் இருந்து கடதாசியை ஒரே அகலத்தில் கிழித்துக்கொண்டிருந்தாள். இப்போது பதினேழு வயது. பேச்சு இல்லை.

"தண்ணி எண்டு சொன்னாளே?"

"அது பொறகு வரவேயில்ல, சேர்."

"அப்ப ஏன் எனக்கு அறிவிக்கல்ல?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"என்னெண்டு சொல்ற? பேப்பர்ல வந்த பொறகு ஊரே வந்து பாத்தாங்க. பேசு புள்ள, பேசு எண்டாங்க. அவ பேசல்ல. நான் பத்தியம் ஒழுங்காப் புடிக்கல்ல எண்டு மாமி சொன்னாங்க. கிளினிக்குக்கும் போகல்ல. சுகமான புள்ளயக் கூட்டிட்டு என்னெண்டு போற?"

தேத்தண்ணி தந்தார். புறப்படும்போது வாசல்வரை வந்தார். "நான் பொய் சொன்ன எண்டுதான் எங்கட ஆக்கள் இன்னமும் நெனக்கிற. நான் அப்பிடிச் சொல்லல்ல தானே, சேர்?"

"இல்ல. நீங்க சொல்லல்ல. நான்தான் எழுதினேன்."

"அப்ப அதப் பேப்பர்ல போடுவீங்களா? எப்ப வரும்?"

கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

மார்ச் 15, ஞாயிறு

குறிப்புப் புத்தகத்தைக் கலாவிடம் கொடுத்தேன். தெல்தெனிய போனதையும் சொன்னேன். இரண்டு தடவை வாசித்தாள்.

"அப்ப பொய் எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"அன்னைக்கு யாரோ பெத்த புள்ள, சுகம்னு எழுதினீங்க. இன்னைக்கு நம்ம புள்ள, சுகமாகாதுன்னு சொல்றீங்க. நான் எத நம்புறது?"

"டொக்டர் சொன்னத நம்பு."

"அதையும் நீங்கதானே எனக்குச் சொன்னீங்க."

உண்மையைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். சொல்கிற ஆள் யார் என்று பார்க்கமாட்டார்களா? நான் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

அதிகாலை பஸ்ஸில் கலா பிள்ளையைக் கலகெதரைக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் தனியாக வகுப்புக்குப் போய்க் காரணம் சொன்னேன். பயிற்சியாளர் கேட்டுவிட்டு, "எழுதிக்கொள்கிறேன். ஆனால் இடத்தைப் பிடித்து வைக்க என்னால் முடியாது" என்றார். அவர்தான் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

கட்டுரை வந்திருக்கிறது. குணப்படுத்தும் மருந்து இல்லை என்ற பகுதி அப்படியே இருக்கிறது. கடைசி நான்கு பந்திகளில் 2015இல் நான் எழுதிய பொய்யை ஒப்புக்கொண்டிருந்தேன். அவை இல்லை. தலைப்பு: 'நம்பிக்கை இழக்காதீர்கள்.'

ராஜலிங்கத்தைப் போனில் பிடித்தேன்.

"என்ன ஐசே, பத்து வருசத்துக்குப் பிறகு திருத்தமா? எங்கட வாசகருக்கு முந்தநாள் போட்டதே ஞாபகம் இல்ல."

"சுவர்ல தொங்குது, அண்ணன். அதப் பார்த்துட்டு என் மனைவியே புள்ளயக் கொண்டு போயிருக்கா."

"தனியா எழுதி அனுப்புங்கோ. வக்கீலிட்டக் காட்டிப் பாப்பம்."

ஏப்ரல் 7, செவ்வாய்

இரண்டாவது தடவையும் போகவில்லை. இடம் போய்விட்டது.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருசப் பிறப்பு. பால், பாண், பிஸ்கட், முட்டை எல்லாம் பத்தியத்தில் நிறுத்தம். சஞ்சி வாயில் வைப்பதே அந்த நாலும் வெறும் சோறும்தான். இப்போது சோறு மட்டும். அதுவும் இரண்டு வாய்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போய், கதவின் மேல் தள்ளினாள்.

கேட்கிறாள்.

கலாவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கதவைத் திறக்கவில்லை. இதை எழுதாமல் விடலாம். விட்டால் அது இன்னொரு 2015.

ஏப்ரல் 21, செவ்வாய்

சோறும் வேண்டாம் என்கிறாள். தள்ளிவிடுகிறாள். இன்று எவர் கையையும் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

உறுதியானது: எடை 14.1 கிலோ. மார்ச் 3இல் 15.8. ஆதாரம்: கிளினிக் கொப்பி, ஏழாம் பக்கம். கலாவே சஞ்சியைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். தனக்குத் தெரிந்த சிங்களத்தில் குணமாகுமா என்ற அந்த ஒரே கேள்வியைத் தானே டொக்டரிடம் கேட்டிருக்கிறாள். வந்து, நான் முன்பு கேள்விப்படாத செய்தியைச் சொல்வது போல எனக்குச் சொன்னாள்.

"ஆகாதாம்."

பையை மேசையில் வைத்தாள். நேராகப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாலை எடுத்தாள். சஞ்சி இரண்டு கோப்பை குடித்தாள். கலா நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலுவையில் இருப்பவை:

பேச்சுப் பயிற்சி. பட்டியலில் மறுபடி பெயர் பதிந்தாயிற்று. அடுத்த இடம் நவம்பர் 10, செவ்வாய், அதற்கு முன் யாரும் விலகாவிட்டால். சஞ்சிக்கு அப்போது ஐந்து வயது தாண்டியிருக்கும்.

சுவரில் உள்ள சட்டம். கழற்றச் சொல்லிப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டேன். பதில் இல்லை. கலா கடைசியாகப் போன அன்று அதன் கீழே மூன்று தாய்மார் இருந்தார்களாம். ஒருத்தி அதைப் போனில் படம் எடுத்தாளாம்.

திருத்தம். அறுபத்தெட்டுச் சொல். வக்கீல் பார்த்துவிட்டார். மே 3, ஞாயிறு, இடம் இருந்தால். மஸீனாவுக்கு அழைத்துச் சொன்னேன்.

"எத்தினாம் பக்கம், சேர்?" என்று கேட்டார்.

2015இல் முதற்பக்கம். இது பதினான்கு.