யும்னாவின் பெட்டியைத் திறந்த சேதி

மரைக்காயர்பட்டினம்
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுதுட்டு எழுதுறது

பிஸ்மில்லாஹ். என் அருமை மகன் ஜாபர் சாதிக்குக்கு உன் உம்மா ஸலாம் சொல்லி எழுதிக்கிறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால நானும் உன் வாப்பாவும் இங்கன சோத்துக்கும் உடம்புக்கும் குறையில்லாம இருக்கோம், அங்கன நீயும் நல்ல சுகத்தோட நீண்ட ஹயாத்தோட இருக்கணும்னு அஞ்சு நேரமும் கையேந்துறேன்.

கையில போன் இருக்க உம்மா எதுக்குக் காயிதம் எழுதுறான்னு நினைப்பே. அஞ்சாவது படிச்சவ எழுத்து, கோழி கிளறினாப்புல இருக்கும், பொறுத்துப் படி மகனே. போன்ல யும்னா பேச்சை எடுத்தா நீ உடனே வாப்பாவுக்கு முட்டுவலி எப்படி, அங்கன மழை உண்டான்னு பேச்சை மாத்திடுறே, இல்லன்னா போர்மேன் கூப்பிடுறாருன்னு வச்சிடுறே. காயிதத்தை அப்படி வைக்க முடியாதுல்ல. நம்ம அடுத்த வீட்டு ரிஃபாய் லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழமை தோஹாவுக்கு ஏறுறான், அவன் கையில குடுத்துவிடுறேன். சொல்ல வேண்டியதை முதல்லயே சொல்லிடுறேன், கடைசிக்கு வச்சா எனக்குத் தைரியம் போயிடும். உன் தங்கச்சி யும்னா கல்யாணத்துக்குன்னு நீ லீவுக்கு லீவு வாங்கிச் சேர்த்த துணிப் பெட்டியை, நான் வந்துதான் திறப்பேன் அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு அவ மவுத்தாகி நம்மளை விட்டுப் போன அன்னைக்கு நீ போன்ல அழுதுக்கிட்டே சொன்ன அந்த நீலப் பெட்டியை, உன்கிட்ட கேக்காம நான் திறந்துட்டேன். திறந்ததோட நிக்கல, உள்ள இருந்த துணியை வெட்டித் தைச்சுக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பியும் ஆச்சு. எப்படி நடந்துச்சுன்னு முழுசும் சொல்றேன், படிச்சு முடிச்சுட்டு அப்புறம் கோவிச்சுக்க.

யும்னா கூடப் படிச்ச கனியை உனக்குத் தெரியும், மண்டபத்துக்காரப் பிள்ளை, நீ வந்தப்பல்லாம் கூடப் பிறந்த அண்ணனாட்டம் உன்னைக் காக்கா எனக்கும் சாக்லேட்டுன்னு கேட்டு வந்து நிப்பாளே அவதான். இன்னொருத்தி சத்யப்பிரியா, மண்டபம் கேம்ப்ல பிறந்து வளர்ந்தவ, அவ தாய் தகப்பன் சிலோன்லேருந்து வந்தவுக. அவளோட பெரியம்மா அங்கன மன்னார்ப் பக்கம் தாய் தகப்பன் இல்லாத எத்தீம் பிள்ளைகளை வச்சுப் பாக்குற ஒரு இல்லத்துல சோறாக்குறாக. போன மழைக்காலத்துப் புயல்ல அந்த இல்லத்துக்குள்ள இடுப்பளவு தண்ணி ஏறி முப்பத்தி நாலு பொம்பளப் பிள்ளைகளுக்கும் போட்டிருந்த துணியைத் தவிர மாத்துத் துணி இல்லாமப் போச்சாம். இதைப் பெரியம்மா போன்ல சொல்ல, சத்யப்பிரியா வகுப்புல வந்து சொல்ல, காலேஜ்ல பிள்ளைக எல்லாம் கிளம்பிட்டாளுக. கனி உம்மா இறால் வாடா சுட்டுக் குடுக்க அதைக் காலேஜ் வாசல்ல வித்தாளுக, பாம்பன் புதுப்பாலத்துல ரயில் போறதைப் படம் பிடிக்க வர்ற வெளியூர்க்காரக கிட்ட டப்பா ஏந்திக்கிட்டு நின்னாளுக. அங்கன ஒரு ஆளு, ஏம்மா நம்ம ஊர்ல அநாதைப் பிள்ளை இல்லையா கடல் தாண்டித்தான் குடுக்கணுமான்னு கேட்டாராம். இருக்குதுக மாமா, அதுகளுக்கு நீங்க என்ன குடுத்தீக சொல்லுங்க நாங்களும் அதையே குடுக்குறோம்னு கனி சொன்னாளாம். மனுஷன் டப்பாவுல காசு போட்டுட்டுப் போயிட்டாராம். சேர்ந்ததுல துணி எடுத்து, தைக்கத் தெரிஞ்ச பிள்ளைக எல்லாம் ஆளுக்கு ஒண்ணு ரெண்டுன்னு கவுன் தைச்சு, துண்டு, நோட்டு, பென்சில்னு எல்லாம் சேர்த்திட்டாளுக. தூத்துக்குடியிலேருந்து கொழும்புக்குச் சரக்கு ஏத்துற ஒருத்தர் கூலி வாங்காம ஏத்திவிடுறேன்னு ஒத்துக்கிட்டாரு, வியாழக்கிழமை காலையில வண்டி வரும், அதை விட்டா நோன்பு கழிஞ்சுதான்னு சொல்லிட்டாரு.

இதுக்கெல்லாம் நான் என்ன செஞ்சேன்னு கேட்டா வெக்கமா இருக்கு. தையல் தெரிஞ்ச ஆளுன்னு அவளுக முதல்ல என்கிட்டதான் வந்தாளுக. நான் ஜன்னல் வழியா பாத்துட்டுக் கதவைத் திறக்கல மகனே. தலைவலின்னு உள்ள இருந்தே சொல்லி அனுப்பிட்டேன். அவளுக மேல எனக்கு என்ன கோபம், ஒண்ணுமில்ல. என் பிள்ளையோட ரெண்டாம் வருஷம் படிச்சவளுக இப்ப மூணாம் வருஷம். தோளுல பையும் கழுத்துல காலேஜ் அட்டையுமா வாசல்ல நிக்கிறாளுக, எனக்குப் பாக்க முடியல. அவ்வளவுதான்.

உன் வாப்பா மனசு அப்படி இல்லையே. பிள்ளைக கட்டி வச்ச மூட்டைகளுக்குக் காலேஜ்ல இடம் இல்லன்னதும் நம்ம கொட்டகை சும்மாத்தானே கிடக்கு அங்கன வச்சுக்கங்கம்மான்னு சாவியைக் குடுத்துட்டாக. எந்தக் கொட்டகை, நம்ம கருவாட்டுக் கொட்டகை! நெத்திலியும் சாளையும் சாக்குச் சாக்கா அடுக்கின இடத்துல ஒரு பக்கம் ஒதுக்கி, தைச்சு மடிச்ச கவுனை எல்லாம் பத்து நாள் வச்சிருக்காக. உன் வாப்பாவுக்கு மூக்கு இல்ல, கனிக்கும் இல்ல, கேம்ப் பிள்ளைக்கும் இல்ல. கடக்கரையில பிறந்த எவளுக்கும் அது ஒரு நாத்தமாவே தெரியலயே. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவளுக டீச்சர், ஈரோட்டுக்காரம்மா, சரி பாக்க வந்து ஒரு மூட்டையைப் பிரிச்சதுதான் தாமதம், முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே ஓடிட்டாகளாம். புதுத்துணி போட ஆசையா இருக்குற பிள்ளைக இதைத் தலையில மாட்டுனா என்ன ஆகும், இப்படியே அனுப்ப நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாக. பிள்ளைக கொட்டகை வாசல்லயே உக்காந்து அழுதாளுகளாம். உன் வாப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டாம நின்னாக, ஹபீபா நல்லது செய்யப் போயி நாறடிச்சிட்டேன்டின்னாக. எனக்குச் சிரிப்பும் வருது, கோபமும் வருது. யும்னா போன இந்தப் பதினாலு மாசத்துல அன்னைக்குத்தான் நான் வாய்விட்டு ஏசினேன். அப்புறம், மூட்டையை இங்கன கொண்டுவரச் சொல்லுங்க, பிள்ளைகளையும் வரச் சொல்லுங்கன்னேன்.

நம்ம கிணத்துத் தண்ணியில சோப்பு நுரைக்காதுன்னு உனக்குத் தெரியும், ஒரு லாரி நல்ல தண்ணி இறக்கினோம். திங்கக்கிழமை விடிஞ்சதும் பன்னெண்டு பிள்ளைக வந்துட்டாளுக. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊறவச்சு, அலசி, பிழிஞ்சு, மொட்டை மாடி முழுக்கக் கொடி கட்டிக் காயப்போட்டு, அன்னைக்கு நம்ம வீட்டைப் பாத்திருக்கணும் நீ. துணிக்கு மாட்டுற கிளிப்பு டப்பா மாடிப்படிக்குக் கீழ இருக்குதுன்னு நான் சொல்லாமலே கனி போய் எடுத்துட்டு வந்தா. யும்னாவோட எத்தனை நாள் அங்கன நின்னு துணி காயப்போட்டவ. அவளையே பாத்துக்கிட்டு நின்னேன், ஆனா கதவைச் சாத்தணும்னு தோணல. அந்தக் கலக்கத்துலயோ என்னவோ, ஒரு மெரூன் கவுனைப் பாக்காம வெள்ளையும் சந்தனமும் ஊறுற அண்டாவுல நானே போட்டுட்டேன். முப்பது வருஷம் தையல் மிஷின் மிதிச்சவ, சாயம் போற துணியைத் தொட்டாலே கண்டுபிடிக்கிறவ, நானே போட்டுட்டேன். எடுத்துப் பாத்தா பதினோரு கவுன் வெத்திலை எச்சி துப்பினாப்புல திட்டுத்திட்டா நிக்குது. பிள்ளைக ஒவ்வொண்ணா எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாளுக. சத்யப்பிரியா மட்டும் மெதுவா, பதினோரு பேருக்கு இல்லாம மத்தவங்களுக்கு மட்டும் போனா அங்க சண்டை வருமே அத்தைன்னா. அவ சொன்னது நெசம்தானே, ஒரே இடத்துல இருக்குற பிள்ளைகளுக்கு ஒருத்திக்குக் குடுத்து ஒருத்திக்கு இல்லன்னா அதை விடப் பாவம் என்ன இருக்கு.

இந்த இடத்துல உன்கிட்ட பொய் சொல்லக் கூடாது. வேற வழி இல்லாம நான் அந்தப் பெட்டியைத் திறக்கல. உன் வாப்பா ராம்நாடு போய்த் துணி எடுத்துட்டு வாரேன்னு கிளம்பிட்டாக, வாங்கியிருக்கலாம். நான்தான் நில்லுங்கன்னேன். என் கட்டிலுக்குக் கீழ அந்தப் பெட்டி இருக்கு, தினம் வாரியலை விட்டுக் கூட்டும்போது அது காலுல இடிக்கும், நான் அதைச் சுத்திக் கூட்டுவேன். பதினாலு மாசம் இப்படிச் சுத்திச் சுத்திக் கூட்டியிருக்கேன். மாடியில பிள்ளைக சத்தம் கேக்குது, கீழ அது பூட்டிக் கிடக்குது, எனக்கு மனசு ஒப்பல மகனே. இழுத்து நடுவீட்டுல வச்சேன். நம்பர் பூட்டாச்சே, நீ வச்ச நம்பரை வாப்பா போட்டுப் பாத்தாக, திறக்கல. கனி பக்கத்துல வந்து, நான் போடவா மாமின்னு கேட்டா. ஒண்ணு நாலு ஏழுன்னு திருப்பினா, திறந்துக்கிச்சு. நீ வச்ச நம்பரை யும்னா மாத்திட்டாளாம். காக்கா பிறந்த நாளை வச்சிருக்கேன், அவரு என்னைக் கேக்காமத் திறந்து பாத்து, என்ன குறையுதுன்னு இன்னும் வாங்கிக்கிட்டே இருக்காரு, இனி அவருக்கே திறக்கத் தெரியாதுன்னு சொல்லிச் சிரிச்சாளாம். இதை நீ தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதுறேன்.

உள்ள கிளிப்பச்சை சாட்டினு, ரோஸ், மயில் நீலம், அந்த ஜரிகைப் பூப்போட்டது எல்லாம் நீ வச்சபடியே இருந்துச்சு. ஆனா மடிப்பு விழுந்த இடம் வெளுக்க ஆரம்பிச்சிருச்சு, பெட்டிக் கம்பியில பட்ட துணியில துருக்கறை. இன்னும் ரெண்டு மழை போயிருந்தா நீ வந்து திறக்கும்போது கையோட கிழிஞ்சு வந்திருக்கும். நான் வெட்டினேன், கனி ஓரம் அடிச்சா, சத்யப்பிரியா பட்டன் வச்சா. சாட்டின் சின்னப்பிள்ளை உடம்புல அரிக்கும்னு உள்ளுக்கு யும்னாவோட பழைய காட்டன் துப்பட்டாவை லைனிங் குடுத்தேன். முதல் வெட்டுக்குத்தான் கத்திரிக்கோல் ஓடல, பிஸ்மி சொல்லி வச்சேன், அப்புறம் கை தன்னால பழகிடுச்சு. புதன்கிழமை அஸர் தொழுகைக்குள்ள பதினொண்ணும் முடிஞ்சுது. மத்த துணிக்கெல்லாம் கடைசியா சாம்பிராணி போட்டு எடுத்தோம். அந்த டீச்சர் வந்து மோந்து பாத்துட்டு, கருவாடு போயி இப்ப தர்கா வாசம் அடிக்குதுங்களேன்னு சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாக. வியாழக்கிழமை வண்டி போயிடுச்சு.

போன வாரம் சத்யப்பிரியா போன்ல படம் வந்துச்சு. முப்பத்தி நாலு பேரும் வரிசையா நிக்கிறாளுக. கிளிப்பச்சையைப் போட்டிருக்குறவளுக்கு எட்டு வயசு இருக்கும், முன்பல்லு இல்ல. அவ ஒரு துண்டுக் காயிதத்துல எழுதி அதையும் படம் பிடிச்சு அனுப்பியிருக்கா, கவுன் வடிவா இருக்கு அன்ட்டி ஆனா பொக்கற் இல்ல, அடுத்த முறை ரெண்டு பக்கமும் பொக்கற் வச்சுத் தையுங்கோன்னு. பொக்கற்னா பாக்கெட்டாம், பாரு அவ அதிகாரத்தை. நானும் உன் வாப்பாவும் சிரிச்சு முடியல. அவளுகளுக்குப் பெருநாளைக்கும் கிறிஸ்மஸுக்கும் தைக்கிறதுன்னு பிள்ளைக எல்லாம் இப்ப முடிவு பண்ணியிருக்காளுக, ஞாயித்துக்கிழமை தோறும் நம்ம வீட்டுலதான் தையல். வீட்டுல திரும்பத் தேத்தண்ணி பத்தாமப் போகுது மகனே. யும்னாவை நான் மறந்துட்டேன்னு நினைச்சிடாதே. அழுகை வருது, வந்தா அழுறேன், அப்புறம் மிஷின்ல உக்காருறேன்.

இனி ஒண்ணு கேக்குறேன், மறைக்காம நினைச்சுப் பாரு. லீவு கிடைக்கல கம்பெனி விடலன்னு ரெண்டு தடவை சொன்னியே, ரிஃபாய் வாய் தவறிச் சொல்லிட்டான், ரெண்டு தடவையும் கிடைச்ச லீவை நீயே வேணாம்னு திருப்பிக் குடுத்தியாமே. அவனை ஏசாதே, நான்தான் நோண்டிக் கேட்டேன். மய்யித்து அடக்கத்துக்கு வர முடியாமப் போச்சு, வீடியோவுல முகத்தைப் பாத்ததுதான், அந்த வீட்டுக்குள்ள எப்படிக் கால் வைக்கிறதுன்னு உனக்கு இருக்கும். எனக்குத் தெரியாதா. நான் பெத்தவ. நீ வந்து திறக்கணுமேன்னுதான் அந்தப் பெட்டி அங்கன கிடந்துச்சு, அதைத் திறக்கணுமேன்னுதான் நீ வராம இருந்தே. அந்தப் பாரத்தை நான் எடுத்துட்டேன். பெட்டியில அடியில இருந்த நிக்காஹ் புடவையை மட்டும் வெட்டல, அது நீ வந்து பாத்துச் சொல்றபடி. துணிகளை அனுப்பினது தப்புன்னு உனக்குப் பட்டா தப்புதான், நான் வழக்காட மாட்டேன். ஆனா போன்ல ஏசாதே வாப்பா. டிக்கெட் போட்டு வா, நடுவீட்டுல நின்னு உன் மனசு ஆறுற வரைக்கும் ஏசு, நான் உக்காந்து கேட்டுக்கிறேன். பெருநாளைக்குள்ள வந்தா நல்லது.

ரிஃபாய் கையில இடிச்ச மாசிக் கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் குடுத்திருக்கேன், ரூமுல இருக்குற பிள்ளைகளுக்கும் குடுத்துத் தின்னு. வெயில்ல ஏறி ஏசி மாட்டும்போது தலையில ஈரத்துணி போட்டுக்க. வெறும் வயித்துல தேத்தண்ணி குடிக்காதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஹயாத்தையும் நிறைஞ்ச பரக்கத்தையும் தந்து சுகமா என் கண்ணுல காட்டுவானாக, ஆமீன்.

உன் வரவை எதிர்பாத்திருக்கும்
உம்மா
உம்மு ஹபீபா