முளைக்காத வெங்காயம்

ஆவணி 3, திங்கள்

புழுக்கம். மேற்கே மேகம், மழை இல்லை. வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு எண்ணெய், மறக்கக்கூடாது.

தம்பி மகன் மணி சேலத்துப் பொருட்காட்சியிலிருந்து ஒரு பை வெங்காயம் கொண்டுவந்தான். அணுக்கதிர் காட்டினதாம். மாசக்கணக்கில் வைத்தாலும் முளை விடாதாம். நான் தொடவில்லை. அதற்குள் அவன் பெண்சாதி சரசு குழம்பே வைத்துவிட்டாள். வாய்க்கு ருசியாக இருக்கிறதென்று இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். ஐந்து மாசம் அவளுக்கு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கியது.

எனக்கு மோர்சோறு.

செவ்வாய்

பக்கத்து வீட்டு ராமாயி: "ஏனுங்கக்கா, சப்பான்ல குண்டு போட்ட ஊர்ல புல்லுகூட மொளைக்கலைங்களாமா. அந்தக் கதிருதானுங்களாமா இதும். மொளையக் கொல்றது வகுத்துல இருக்கறத உடுமுங்களா?"

மணியிடம் சொன்னேன். சிரிக்கிறான். "சரசு வகுறு ராத்திரிக்கு பல்பாட்டம் எரியுமுங்கத்தை. சீமெண்ணெ மிச்சம்."

சரசு சிரிக்கவில்லை.

வியாழன்

நோன்புக்கு முளைப்பாரி போடுகிற மாதிரியே, அம்மன் படத்துக்கு முன்னால் இரண்டு சட்டி. ஒன்றில் நம் காட்டில் விளைந்த வெங்காயம். இன்னொன்றில் மணி கொண்டுவந்தது. தாயே, நீயே சொல்லிவிடு.

ஆவணி 12, புதன்

நம் சட்டி பச்சை, விரல் நீளம். அந்தச் சட்டி வெறும் மண்.

சரசு காலையும் மாலையும் குனிந்து பார்க்கிறாள். சோறு இறங்கவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. "வகுத்துல இன்னும் அசையலீங்க பெரியம்மா. மொளைக்குமுங்களா?"

"மொளைக்குஞ் சாமி."

வேறென்ன சொல்ல. சட்டியை வைத்ததே நான்தானே.

வெள்ளி

தூறல். எண்ணெய் ஊற்றியாயிற்று.

சரசு தண்ணீருக்குப் போன நேரம், நம் சட்டியில் முளைத்ததில் ஒன்றைப் பிடுங்கி அந்தச் சட்டியில் புதைத்தேன். நுனி மட்டும் தெரிகிற மாதிரி. அம்மன் பார்த்துக்கொண்டிருக்க. தண்டனை எனக்கு மட்டும் கொடு தாயே.

வந்தவள் குடத்தைக்கூட இறக்கவில்லை. "பெரியம்மா! மொளச்சிருச்சுங்க!" ராமாயியைக் கூப்பிட்டுக் காட்டினாள். வட்டில் நிறையச் சோறு தின்றாள்.

சாயங்காலம் என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். "ஒதைக்குதுங்க. தெரியுதுங்களா?"

தெரிகிறது என்றேன்.

வெகுநேரம் நான் கையை எடுக்கவில்லை. என் கைக்கு ஒன்றுமே தெரியவில்லை.