காலை ஒன்று, இரவு ஒன்று

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன், நலமா?

முதலில் என் மானம் போன கதை. போன வாரம் ஆஸ்பத்திரியில் மகளுக்கு நர்ஸ் ஊசி குத்தினார். மயங்கி விழுந்தது நான். வலிப்பு வந்த பெண் கண் விழித்துப் பார்க்கிறாள், பக்கத்துக் கட்டிலில் அப்பன் கிடக்கிறான். "ரெண்டு பேர்ல யாருக்குங்க வைத்தியம்?" என்று வார்டே சிரித்தது. நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தில் சிரிக்க இவ்வளவுதான் இருக்கிறது.

நடந்தது இது. அவளுக்கு மாதம் ஐந்து. அவள் வைத்திருந்த மாத்திரை டப்பாவில் 'சத்து மாத்திரை' என்று இருந்ததால், ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்களே, இது வேறு எதற்கு என்று உங்கள் அம்மா குப்பையில் கொட்டிவிட்டார். அது பன்னிரண்டு வயதிலிருந்து அவள் சாப்பிடும் வலிப்பு மாத்திரை. அவள் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் சமையலறையில் விழுந்தாள். நல்லவேளை, அடுப்பு அணைந்திருந்தது.

அதற்கு நீங்கள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய செய்தி: "எல்லாரும் சேர்ந்து ஏமாத்திட்டீங்க. குழந்தைக்குக் குறை வந்துடும். இனிமே அந்த மாத்திரையைத் தொட்டா என் முகத்துல முழிக்க வேணாம்." ஏன் மாப்பிள்ளை, டாக்டருக்கு எப்போது படித்தீர்கள்? கிரேன் ஓட்டப் போனதாகத்தான் எனக்கு ஞாபகம். நானும் எட்டாவதோடு நின்றவன்தான். அதனால்தான் டாக்டரம்மாவிடம் மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை வாயைத் திறந்ததும் அவரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யக்கூடிய வலிப்பு மருந்துகள் சில உண்டாம். இவளுடையது அந்த வகை இல்லையாம். தானாகத் திடீரென்று நிறுத்துவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாம். கர்ப்பத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு குறையுமாம். சோதித்துப் பார்த்துக் கூட்டியிருக்கிறார். ஸ்கேனில் பிள்ளை நன்றாக உதைக்கிறது. யாரை உதைக்க ஆசைப்படுகிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நேற்று இங்கே எங்கள் வீட்டில் அவள் தலையணை உறைக்குள் நாலு மாத்திரை கிடந்தன. கேட்டால், "அவர் வேணாம்னு சொல்லிட்டாருப்பா" என்கிறாள். என் பேச்சுக்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு என்று உங்கள் மாமியாரைக் கேட்டால் சொல்வார். உங்கள் பேச்சைத்தான் கேட்கிறாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கோபத்தை என்மேல் காட்டுங்கள். லீவில் வந்து வாசலில் நின்று திட்டுங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறேன். மாத்திரையின்மேல் காட்டாதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அவளுக்குப் போன் செய்து, காலை ஒன்று, இரவு ஒன்று போடு என்று சொல்லுங்கள். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். பிறக்கப்போகும் உங்கள் பிள்ளை நூறு வயது இருக்கட்டும்.

இன்னொன்று. அன்று வார்டில் உங்கள் அம்மா அழுதார். "சத்து மாத்திரைன்னு டப்பாவுல ஒட்டினது யாரு? அதை நம்பித்தானே கொட்டினேன்" என்றார். "நான்தான் அத்தை" என்றாள் என் மகள். கள்ளி, படுபாவி என்று எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான் சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒட்டியது அவள் இல்லை, மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முதல் நாள், நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் மிஞ்சிய லேபிளை எடுத்துவந்து, பசை தடவி, சுருக்கம் விழாமல் ஒட்டியது நான். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியதும் நான். அன்று அங்கே அதை நான் சொல்லவில்லை.

மாமனார்