ரகுவின் கையெழுத்து

ஞாயிறு, ஆகஸ்ட் 10

மயிலாப்பூரில் இன்று, எதிலும் அரசு தலையிடக் கூடாது என்னும் எங்கள் சுதந்திரச் சிந்தனையாளர்களின் ஆண்டுக் கூட்டம். நடைபாதையில் கடை போடுகிறவர்களை விரட்ட அரசுக்கு என்ன உரிமை என்று என் கல்லூரி நண்பன் ரகு முழங்கினான். வழக்கம்போல முதல் கைதட்டல் என்னுடையது.

அடுத்துப் பேசுவதற்கு, பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஸ்டெல்லாக்காவை நான்தான் அழைத்திருந்தேன். அவர் மேடை ஏறவில்லை. என்னைத் தூணோரம் இழுத்துப் போய் ஒரு தாளை நீட்டினார். அவர் கடையை எடுக்கச் சொல்லி எதிர் அடுக்குமாடிக்காரர்கள் மாநகராட்சிக்குக் கொடுத்த மனுவின் நகல்.

"இன்னா நைனா, இப்போ பேசுனாரே, அவரு பேருதான் இதுல மொதல்ல கீது?"

ஹாஸ்டல் பதிவேட்டில் அவனுக்காக நானே போட்டுப் பழகிய கையெழுத்து. எனக்கா அடையாளம் தெரியாது?

காபி கொடுக்கும் இடத்தில் ரகுவைப் பிடித்துக் கேட்டேன். அவனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

"வாசல்ல நாத்தம் தாங்கல மச்சி. கவர்மென்ட்கிட்ட போகாம வேற யார்கிட்ட போறது?"

பின்னாலேயே வந்திருந்த ஸ்டெல்லாக்கா அவன் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நீதானே நைனா மொதல்ல கை தட்டுன?"