சுக்கான் இழுக்கத்தான் வேண்டும்

கூறைப்புடவைப் பெட்டியை இன்று பரணிலிருந்து இறக்கினேன். பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறியதும் கோபமும் கூடவே ஏறியது. பெட்டிக்கு மூடி இல்லை. அதை வெட்டியவர் நீங்கள்.

நாம் மாதுங்காவில் குடித்தனம் தொடங்கிய புதிது. யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. படகுப் பட்டறையில் வரைபடம் போடும் உங்களிடம், முதலாளி தன் சொந்த உபயோகத்துக்கு ஒரு பாய்மரப் படகு வரையச் சொன்னார். கேட்கவா வேண்டும்? நல்ல அட்டை கிடைக்கவில்லை என்று என் பெட்டி மூடியில் கை வைத்தீர்கள். தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் படகின் அடிப்பாகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி வெட்டி, என் பின்னல் ஊசி முனையில் நிறுத்தினீர்கள். ஆடாமல் நின்ற இடத்தில் ஒரு துளை போட்டீர்கள். பாய்க்கும் அதே மாதிரி ஓர் அட்டை.

“காத்து பாயைத் தள்ளற இடம் இது. தண்ணி எதிர்த்து நிக்கற இடம் அது. ரெண்டும் பொருந்தி வரணும், பாய் ரொம்ப முன்னால போயிடப்படாது. சுக்கான் கையைக் கொஞ்சம் இழுக்கத்தான் வேணும். அப்பதான் கையை விட்டாலும் படகு காத்தைப் பாக்கத் திரும்பி, தானா நின்னுடும்.”

“என் மூடி தானா வருமா?” என்றேன். சிரித்தீர்கள்.

முதலாளிக்கு அந்த இழுப்புப் பிடிக்கவில்லை. கை வலிக்கிறதாம், ஹல்காவாக, லேசாக வேண்டுமாம். கூடாது என்று நீங்கள் சொல்லியும் கேட்காமல், நீங்கள் லீவில் இருந்தபோது பாய்மரத்தை முன்னால் தள்ளி நடவைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிநேகிதர் சுக்கானை விட்டுவிட்டு சிகரெட் பற்றவைத்தார். படகு நிற்கவில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டி ஓடிப் பாறையில் மோதிப் பிளந்தது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழி மட்டும் உங்கள் தலையில் விழுந்தது. வரைபடமே தப்பாம். என்ன நெஞ்சழுத்தம் அந்த மனுஷனுக்கு.

“ஏன்னா, மரத்தை நகர்த்தினது நீங்கதானேன்னு அவரைக் கேக்க வேண்டியதுதானே?”

“பெரிய மனுஷாளோட வாதாடினா வேலை போயிடும்டீ.”

வாயைத் திறக்காமலே போயிற்று வேலை. அப்புறம் கடைசிவரை சாக்கடைக் குழாய்களுக்குத்தான் வரைபடம் போட்டீர்கள். கடற்கரைக்குக் கூப்பிட்டால்கூட வரமாட்டீர்கள். அந்த ஆளையாவது மன்னித்துவிடுவேன். உங்கள் மௌனத்தை இன்னும் மன்னிக்கவில்லை.

மருமகள் புதுப் பெட்டி வாங்கித் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன். மூடி எங்கே என்று யாராவது கேட்கட்டும். இரண்டு அட்டைகளையும் எடுத்து, ஊசிமுனையில் நிறுத்திக் காட்டி, நீங்கள் சொல்லாததை நான் சொல்கிறேன். மாதுங்காவில் பாதிப் பேருக்குச் சொல்லியாயிற்று: அவர் வரைந்த படகில் தப்பில்லை.